கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

(பழைய நாற்காலிகளை வீட்டுக்குத் தேர்ந்தெடுப்பது பற்றி ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்று ஒருவர் இருந்தார். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலின் மகன். லண்டனுக்குப் பக்கத்தில் டுவிக்கன்ஹாமில் ஸ்ட்ராபெரி ஹில் என்று ஒரு மாளிகை கட்டி, அதைப் பழம்பொருள்களால் நிரப்பினார். அவற்றில் அவர் பெரிதும் மதித்தவை சில கருங்காலி நாற்காலிகள். முறுக்கு முறுக்காகக் கடைந்த கால்கள், பூவும் கொடியும் இடைவெளி இல்லாமல் செதுக்கிய சாய்மானம். எஷர் என்ற ஊரில், கார்டினல் வூல்ஸி முன்பு தங்கியிருந்த மாளிகையில், இதே மாதிரி நாற்காலிகளை வால்போல் பார்த்திருந்தார். வூல்ஸி எட்டாம் ஹென்றியின் அமைச்சர். ஆகவே இவையும் 16ஆம் நூற்றாண்டு ஆங்கில நாற்காலிகள்தான் என்று முடிவு கட்டினார். அவர் சொன்னதை நம்பிப் பல சீமான்களும் தேடித் தேடி வாங்கினார்கள்.

அந்த நாற்காலிகள் செய்யப்பட்டது இங்கிலாந்தில் இல்லை. வூல்ஸி இறந்து நூறாண்டுக்கு மேல் கழித்து, 17ஆம் நூற்றாண்டில், நம் சோழமண்டலக் கரையில் செய்தவை அவை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலம் அது. ஐரோப்பியர் கேட்ட வடிவத்தில், கருங்காலியில், நம் கரையோரத் தச்சர்கள் கடைந்து செதுக்கிக் கொடுத்தார்கள். நாற்காலி கப்பலேறிப் போனது. செய்தவன் பெயர் போகவில்லை.

இந்தச் செய்தியில் எனக்குப் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. இன்றைக்கு நமக்கு வேண்டியது இதிலுள்ள பாடம். வால்போல் படித்தவர், ரசனை உள்ளவர், பணக்காரர். அவரே நாற்காலியைப் பார்க்காமல் நாற்காலியின் கதையைப் பார்த்தார். இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடைக்குள் நுழைகிறோம். "சார், இது ஜமீன் வீட்டு நாற்காலி", "இது கலெக்டர் துரை உட்கார்ந்தது" என்று ஒரு கதை நம்மை வரவேற்கிறது. கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். நாற்காலிக்குக் கொடுங்கள்.

பழைய நாற்காலிகளை ஆங்கிலப் பழக்கத்தில் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். நூறாண்டுக்கு மேற்பட்டது ஆன்டிக், அதற்கு இளையது வின்டேஜ். நூறு என்ற கணக்கு வியாபாரத்துக்கும் சுங்கத்துக்கும் சட்டத்துக்கும் தேவை. சட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உட்காருகிறவருக்கு அந்தக் கணக்கால் பயன் கிடையாது. என் அளவுகோல் வேறு. பிரித்துத் திரும்பப் பூட்ட முடிகிற நாற்காலிதான் வாங்கத் தக்க நாற்காலி. வயது, செதுக்கு வேலை, மரம், பேர் எல்லாம் அதற்கு அடுத்துத்தான். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

வீட்டு மரச் சாமான்களில் நாற்காலியைப் போல அடிபடுவது வேறொன்றும் இல்லை. பீரோ ஒரு மூலையில் நிற்கிறது. கட்டில் கிடக்கிறது. நாற்காலியையோ இழுக்கிறோம், தூக்குகிறோம், அதன்மேல் ஏறி நின்று ஒட்டடை அடிக்கிறோம். எழுபது கிலோ உடம்பு அதன்மேல் விழுகிறது. விழுந்த பிறகும் சும்மா இருப்பதில்லை, பின்னால் சாய்கிறது. சாயும்போது முழு விசையும் ஓரிடத்தில் போய்ச் சேரும். இருக்கையின் பக்கச் சட்டம் பின்காலோடு சேருகிற மூட்டு அது. சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து, காலில் வெட்டிய துளைக்குள் ஒன்றரை அங்குலம் போயிருக்கும். அந்த ஒன்றரை அங்குலம்தான் நம் முதுகைத் தாங்குகிறது. ஆகவே எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் ஐம்பது ஆண்டுக்கு ஒரு தரமாவது அந்த மூட்டு தளரும். தளர்வது குற்றமில்லை. தளர்ந்தபின் சரி செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

பழைய ஆசாரிகள் மரத்தை ஒட்ட வச்சிரம் காய்ச்சினார்கள். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. அதன் பெருங்குணம், வெந்நீரும் சூடும் பட்டால் இளகிவிடும். நூறாண்டு கழித்து வரும் ஒரு தச்சர், துணியை வெந்நீரில் நனைத்து மூட்டில் சுற்றிவைத்து, மெல்லத் தட்டினால் நாற்காலி பாகம் பாகமாகக் கழன்று வரும். துடைத்துப் புதுப் பசை வைத்துப் பூட்டிக் கயிறு முறுக்கிக் கட்டி வைத்தால், மறுநாள் புது நாற்காலி. பல நாற்காலிகளில் பசையோடு மூங்கில் ஆணியும் இருக்கும். அதையும் பின்பக்கமிருந்து தட்டி எடுத்துவிடலாம். இந்த மூட்டில் பெவிகாலை ஊற்றி, போதாதற்கு மூன்று அங்குல இரும்பாணியையும் அடித்துவிட்டால் கதை முடிந்தது. பெவிகால் வெந்நீருக்கு வச்சிரம் போல இளகுவதில்லை, மரத்தின் இழைக்குள் ஊறி நிற்கிறது. ஆணி துருப்பிடித்துத் துளையைப் பெருக்குகிறது. அடுத்த முறை மூட்டு தளரும்போது கழுந்து முறியும், அல்லது கால் பிளக்கும்.

ஆகவே கடையில் முதல் காரியம், நாற்காலியைக் கவிழ்ப்பது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் கவிழ்த்துப் பாருங்கள். கையில் டார்ச் விளக்கு இருக்கட்டும்.

அடிப்பக்கத்தில் பாலிஷ் இருக்கக் கூடாது. பழைய தச்சர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மெருகு ஏற்ற மாட்டார். அங்கே மரம் வெறுமையாக, காற்று பட்டுப் பட்டு மங்கிய பழுப்பாக இருக்கும். ஒரே சீராக இருக்காது. காற்றோட்டமுள்ள இடம் கருத்தும், மூலை இடுக்கு வெளுத்தும் இருக்கும். அடிப்பக்கம் முழுக்க ஒரே கருஞ்சாயம் பூசியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள். வாள் பட்ட தடத்தைப் பாருங்கள். கையால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, சற்றே ஏறுமாறாக ஓடும். எந்திர வட்ட வாளில் அறுத்ததில் வில் போல வளைந்த கோடுகள் தெரியும். வட்ட வாள் கோடு இருந்தால் போலி என்று அர்த்தமில்லை, 19ஆம் நூற்றாண்டிலேயே வட்ட வாள் வந்துவிட்டது. ஆனால் 1750ஆம் ஆண்டு நாற்காலி என்று யாராவது சொன்னால் அந்தக் கோடே பதில் சொல்லிவிடும். திருகாணியும் அப்படித்தான். கூர்முனைத் திருகாணி 1840களுக்குப் பிறகுதான் எந்திரத்தில் பெருவாரியாக வந்தது. அதற்கு முந்தையது முனை மழுங்கி, தலையிலுள்ள வெட்டு நடுவை விட்டு விலகியிருக்கும். தலையில் சிலுவை வெட்டு இருந்தால் அது 1930களுக்குப் பிந்தையது. நாற்காலியே பிந்தையதா, அல்லது பின்னால் யாரோ பழுது பார்த்தபோது போட்டதா என்று கேட்க வேண்டியது உங்கள் வேலை.

கடைசல் பிடித்த கால் இருந்தால் ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகப் பிடித்த சோதனை. மரம் உலரும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. இழையின் நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. குறுக்கே அதிகம், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் இன்னும் அதிகம். கடைசல் பட்டறையிலிருந்து முழு வட்டமாக வெளிவந்த கால், காலப்போக்கில் முட்டை வட்டமாகிறது. கண்ணுக்குத் தெரியாது. விரலால் வளைத்துப் பிடித்து மெல்லச் சுற்றிப் பாருங்கள், தெரியும். நகைக்கடையில் வைத்திருக்கும் அளவுக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தச் சுருக்கத்தைப் பொய்யாக உண்டாக்குவது எளிதல்ல.

தேய்மானத்தையும் படிக்க வேண்டும். மனிதர் தொட்ட இடம்தான் தேயும். கைப்பிடியின் முன்முனை, முன்னங்கால்களுக்கு நடுவே ஓடும் குறுக்குக் கட்டையின் மேல்பக்கம், பின்கால் பாதத்தின் பின்விளிம்பு. குறுக்குக் கட்டையில் தலைமுறை தலைமுறையாகக் குதிகால் பட்டுப் பட்டு நடுவே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பாதத்தின் பின்விளிம்பு, சாய்ந்து ஆடியவர்களால் மழுங்கியிருக்கும். யாரும் தொடாத சாய்மானத்தின் பின்புறமும் இதே அளவு தேய்ந்திருந்தால், அது உப்புத்தாளின் வேலை.

நம் ஊருக்கே உரிய இன்னொரு அடையாளம் பாதத்தில் இருக்கிறது. நாள்தோறும் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிடும் வீடுகள் நம்முடையவை. மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும். ஐம்பது அறுபது ஆண்டு அப்படிக் கழுவிய தரையில் நின்ற நாற்காலியின் பாதம் ஓரங்குல உயரத்துக்குக் கருத்து, சில சமயம் மக்கிப் போயிருக்கும். மக்கிய பகுதியை வெட்டிவிட்டு விற்பார்கள். அதனால்தான் சில பழைய நாற்காலிகள் சாப்பாட்டு மேசைக்கு எட்டாமல் குள்ளமாக இருக்கின்றன. பின்கால் பாதம் கருப்பாக இருந்து முன்கால் பாதம் மட்டும் புது வெட்டாக இருந்தால், என்ன நடந்தது என்று உங்களுக்கே விளங்கும்.

மரத்துக்கு வருகிறேன். நம் கடைகளில் பெரும்பாலும் தேக்கு, அதில் பர்மாத் தேக்கு என்றால் விலையே வேறு. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழிலும் வணிகமும் செய்த காலத்தில் கப்பல் கப்பலாக வந்த மரம். அந்த வீடுகள் பல இன்று பிரிக்கப்படுகின்றன. தூணும் கதவும் நாற்காலியும் தெருவுக்கு வருகின்றன. அதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் விறகாவதைவிட ஒருவர் வீட்டில் நாற்காலியாகவே இருப்பது மேல். தேக்காயினும் பாருங்கள்: வைரம் பாய்ந்த பகுதியா, வெளிப்பக்கத்து வெள்ளையா? வைரத்தில் எண்ணெய்ச் சத்து உண்டு, கரையானும் வண்டும் எளிதில் தொடாது. வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சாயம் ஏற்றிய வெள்ளை மரம் மேலிருந்து பார்த்தால் தெரியாது, அடிப்பக்கத்தில் மஞ்சளாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். கன மீட்டருக்குத் தேக்கு சுமார் 650 கிலோ என்றால் ஈட்டி சுமார் 850. ஆகவே ஈட்டி நாற்காலியை ஒரு கையால் தூக்கினால் தோள்பட்டை சொல்லும். எளிதாகத் தூக்கிவிட்டால், அது கருஞ்சாயம் பூசிய வேறு மரம்.

வண்டுத் துளையைக் கண்டால் பயந்து ஓட வேண்டாம். பழைய துளையின் விளிம்பு கருத்து, உள்ளே தூசி படிந்திருக்கும். அது ஓய்ந்துபோன வண்டு. நாற்காலியை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து முஷ்டியால் தட்டுங்கள். மாவு போல வெளிர் தூள் உதிர்ந்தால் உள்ளே இன்னும் வண்டு தின்றுகொண்டிருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தே தீர வேண்டுமானால், வராந்தாவில் தனியே வைத்து, மரப்பூச்சி மருந்தைத் துளை துளையாக ஊசியில் ஏற்றி, தூள் விழுவது நின்றபின் உள்ளே சேருங்கள்.

இப்போது மேடையில் இருக்கும் இந்த நாற்காலியைப் பாருங்கள். வளைமர நாற்காலி. மும்பை இரானி ஓட்டல்களில் பார்த்திருப்பீர்கள். இதன் மூத்த வடிவத்துக்குத் தோனெட் 14ஆம் எண் என்று பெயர். ரைன் நதிக்கரையில் போப்பார்டு என்ற ஊரில் 1796இல் பிறந்த மிகயேல் தோனெட் என்ற தச்சர், 1842இல் வியன்னா போய், பீச் மரக் கம்புகளை நீராவியில் வேகவைத்து வளைக்கும் வித்தையை வசப்படுத்தினார். கம்பை வளைத்தால் வெளிவிளிம்பு இழுபட்டுக் கிழியும். கிழியாமலிருக்க வெளிப்பக்கத்தில் எஃகுப் பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டி, பட்டையோடு சேர்த்து இரும்பு அச்சில் வளைத்தார். மரம் இழுபடாமல் உட்பக்கம் நெருங்கியது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. 1859இல் இந்த நாற்காலி வந்தது.

இதோ, இரண்டு பின்காலும் முதுகும் ஒரே கம்பு. உள்ளே இன்னொரு வளைவு. இருக்கைக்கு ஒரு வளையம். முன்கால் இரண்டு. கீழே கால்களைச் சேர்த்துக் கட்டும் ஒரு வளையம். மொத்தம் ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும். பெட்டி பெட்டியாக உலகமெங்கும் கப்பலேறியது. 1930க்குள் ஐந்து கோடி விற்றது. நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒரு ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் இதைப் பிரிக்கலாம், முறிந்த காலை மட்டும் மாற்றலாம், திரும்பப் பூட்டலாம். ஏழை ஓட்டல்காரருக்கும் கட்டுப்படியான நாற்காலி இது. அரண்மனை நாற்காலியைவிட எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம்.

தோனெட்டின் காப்புரிமை 1869இல் முடிந்தது. அதற்குப் பிறகு கோன் நிறுவனத்தார் முதலான பலரும் இதே நாற்காலியைச் செய்தார்கள். ஆகவே வளைந்திருப்பதெல்லாம் தோனெட் ஆகாது. இருக்கை வளையத்தின் உள்விளிம்பில் தாள் சீட்டோ சூட்டு முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாவிட்டாலும் நாற்காலி நன்றாக இருந்தால் வாங்கலாம், தோனெட் விலை மட்டும் கொடுக்காதீர்கள். இதில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. வளைவின் வெளிப்பக்கத்தில் மயிரிழை போல வெடிப்பு ஓடுகிறதா? முன்கால் இருக்கை வளையத்தில் செருகிய இடத்தில் வளையம் பிளந்திருக்கிறதா? இருந்தால் விட்டுவிடுங்கள். பீச் மரத்துக்குத் தேக்கின் எண்ணெய்ச் சத்து கிடையாது. நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் வண்டு விரும்பித் தின்னும் மரம். தாளின்மேல் தட்டிப் பார்க்கும் சோதனையை இதற்குக் கட்டாயம் செய்ய வேண்டும்.

பிரம்பு இருக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நம் வெயிலுக்குப் பிரம்பை மிஞ்சிய இருக்கை இல்லை. காற்று புகும், வியர்வை தேங்காது, உடம்புக்கு ஏற்ப இறங்கிக் கொடுக்கும். பிரம்பு இருக்கை இரண்டு வகை. இருக்கைச் சட்டத்தைச் சுற்றிலும் அரை அங்குல இடைவெளியில் சிறு சிறு துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது. நெடுக்கே, குறுக்கே, மூலைவாட்டாக என்று பல வரிசையாகப் பிரம்பை இழுத்து ஒன்றினூடே ஒன்றாகக் கோத்து, எண்கோணக் கண்கள் விழச் செய்வார்கள். துளைக்குப் பதில் சுற்றிலும் ஒரு பள்ளமும் அதில் அழுத்திய ஒரு பட்டையும் இருந்தால், எந்திரத்தில் பின்னிய விரிப்பை வெட்டி ஒட்டியது. இரண்டாவதில் குறையொன்றும் இல்லை, ஆனால் ஓரிடம் அறுந்தால் முழு விரிப்பையும் மாற்ற வேண்டும். துளையுள்ள சட்டத்தை வாங்குங்கள். பிரம்பு கிழிந்திருந்தாலும் தயங்க வேண்டாம்; கிழிந்த பிரம்பு விலையைக் குறைக்கும், நாற்காலியைக் குறைக்காது. துளைக்குத் துளை சட்டம் வெடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் அரசு அலுவலகங்களின் பிரம்பு நாற்காலிகளை நெடுங்காலம் பின்னிக் கொடுத்தவர்கள் பார்வையற்றோர். பார்வையற்றோர் பள்ளிகளில் இது கற்பிக்கப்பட்ட தொழில். விரல் நுனியாலேயே இழுவிசையை அறிந்து, கண் கண்ணாக ஒரே அளவில் பின்னுவார்கள். பிளாஸ்டிக் ஒயரும் பஞ்சு இருக்கையும் வந்தபின் அந்த வேலை சுருங்கிவிட்டது. பழைய நாற்காலியை வாங்குகிற ஒவ்வொருவரும் அதன்மேல் பஞ்சு மெத்தையைத் தைத்துப் போடாமல் பிரம்பையே மீண்டும் பின்னச் சொன்னால், அந்தக் கைகளுக்கு வேலை கிடைக்கும். இதை உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு நிமிடம் போதாது, கால் மணி நேரம் உட்காருங்கள். கடைக்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார். பாதம் தரையில் பதிய வேண்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பாட்டு மேசை வழக்கமாக 29, 30 அங்குல உயரம். அதற்கு இருக்கை 17, 18 அங்குலம் இருந்தால்தான் கை சரியாக மேசைக்கு வரும். கைவைத்த நாற்காலியானால் கை மேசைச் சட்டத்தில் இடிக்கிறதா என்பதையும் அளந்துகொண்டு போங்கள். வீட்டில் முழங்கால் வலிக்காரர் இருந்தால் கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டாம். ஊன்றி எழுந்திருக்க அதுதான் துணை.

தோட்டத்துரைமார் பயன்படுத்திய நீளக்கை ஈசிச்சேருக்கு இப்போது பெரிய மோகம். நீலகிரியிலும் இலங்கை மலைத் தோட்டங்களிலும் பங்களா வராந்தாவில் கிடந்தது. கைப்பிடிக்கு அடியிலிருந்து இன்னொரு கட்டை சுழன்று வெளியே நீளும், காலை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். அழகான நாற்காலி, படிக்கச் சுகமான நாற்காலி. ஆனால் காலை நீட்டினால் ஆறடிக்கு மேல் இடம் கேட்கும். அடுக்கு மாடி வீட்டின் பத்தடி அறையில் அதைப் போட்டால் மற்றவர்கள் சுவரோரமாக நடக்க வேண்டியதுதான். வராந்தா இல்லாதவர்கள் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அதில் எழுபது வயதுக்காரர் இறங்கி உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்க இன்னொருவர் வர வேண்டும்.

அண்மைக் காலத்து நாற்காலிகளில் இரண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. சண்டிகர் நகரத்தைக் கட்டியபோது, அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானெரே 1951 முதல் 1965 வரை அங்கே தங்கி வேலை செய்தார். அவரும் உடன் வேலை செய்தவர்களும் அலுவலகங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகள் வரைந்து கொடுத்தார்கள். செய்தவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். கவிழ்த்த வி வடிவக் கால், நேரான கோடு, சிக்கனமான வேலை. பிற்காலத்தில் அவை உடைந்து மொட்டை மாடியில் குவிந்து, காயலான் விலைக்கு ஏலம் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் பழுது பார்த்து, பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011இல் உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கத் தடை விதித்தது. நம் அரசாங்கமே பழுது பார்த்திருக்கலாம். அவ்வளவு எளிதாகப் பிரித்துப் பூட்டும்படிதான் அவை செய்யப்பட்டிருந்தன. இன்று கடைகளில் 'சண்டிகர் நாற்காலி' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை புதிதாகச் செய்தவை. அசலில் அலுவலகப் பெயரும் எண்ணும் பெயின்டில் எழுதியிருக்கும் என்பதால் போலியிலும் அதை எழுதிவிடுகிறார்கள். புதுசு என்று சொல்லி நியாய விலைக்கு விற்றால் தாராளமாக வாங்குங்கள், நல்ல வடிவம்.

இன்னொன்று நமக்குப் பக்கத்துப் புதுச்சேரி. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்ட, அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் 1930களின் பிற்பகுதியில் ஜார்ஜ் நகஷிமாவை அனுப்பினார். நகஷிமா அங்கேயே தங்கி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த மரத்தச்சர்களில் ஒருவரானவர், தேக்கில் மேசை நாற்காலி செய்யத் தொடங்கியது புதுச்சேரியில்தான். அவை விற்பனைக்கில்லை. ஆனால் தேக்கை அலங்காரமே இல்லாமல் எப்படிக் கையாளலாம் என்பதற்கு அந்த விடுதி ஒரு பாடம்.

வாங்கி வந்தபின் செய்யும் கொடுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரமே ஒருவரை அழைத்து, எந்திர உப்புத்தாளால் உராய்ந்து, வெடிப்பில் மக்கு அடைத்து, மேலே கண்ணாடி மாதிரி பாலியூரித்தேன் பூசிவிடுகிறோம். நூறாண்டுக் கைபட்ட மெருகு அரை நாளில் தூளாகிப் போகிறது. அந்த நிறம் திரும்ப வராது. பழைய அரக்கு பாலிஷுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சாராயத்தில் கரையும், ஆகவே கீறல் விழுந்த இடத்தை மட்டும் கரைத்துத் திரும்ப மெருகேற்றலாம். பாலியூரித்தேனில் அது முடியாது, உரித்தெடுத்தால்தான் உண்டு. முதலில் ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். பத்தில் எட்டு நாற்காலிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. தச்சரை அழைத்தால், "பிரித்து, வச்சிரம் வைத்துப் பூட்டித் தருவீர்களா?" என்று கேளுங்கள். "எதுக்குங்க, ரெண்டு ஆணி அடிச்சா போச்சு" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஒரே மாதிரி ஆறு, எட்டு என்று தேடுகிறவர்கள் இருக்கைச் சட்டத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பிய வழக்கப்படி செய்தவற்றில் உளியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ரோமன் எண் வெட்டியிருக்கும். எண்கள் தொடர்ந்து வந்தால் கூடப் பிறந்தவை. ஆறு நாற்காலியைப் பிரித்து, புதுக் கட்டை கலந்து எட்டாக்கி விற்பது பழைய வியாபாரத் தந்திரம். கை இல்லாத நாற்காலிக்குக் கை பூட்டி விலை ஏற்றுவது இன்னொன்று. அசல் கைவைத்த நாற்காலியின் இருக்கை, அதன் கூட்டத்து மற்ற நாற்காலிகளைவிட இரண்டு அங்குலமாவது அகலமாக இருக்கும். உண்மையில் ஒரே மாதிரி ஆறு எதற்கு? உயரம் ஒத்துப்போனால் போதும். ஒரு வளைமரம், ஒரு தேக்கு, ஒரு பிரம்பு என்று மேசையைச் சுற்றிப் போட்டால், வீட்டில் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். விலையும் பாதியாகும்.

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பெற்றோர்கள் கேட்பார்கள், அனுப்பலாமா என்று. தொல்பொருள் சட்டம் 1972இன்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதற்கு இளையது என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். ஈட்டி மரமானால் இன்னொரு தடை: 2017 தொடக்கத்திலிருந்து அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே என்ன மரம், எந்தக் காலம், என்னென்ன பழுது பார்த்தது என்று கடைக்காரரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரி எழுதித் தருவார். எழுத மறுத்தால் அந்த நாற்காலியைத் திரும்ப நிமிர்த்தி வைத்துவிட்டு, அடுத்த கடைக்குப் போங்கள்.